சூடான குமிழும் குளிர்ந்த ரேடியேட்டரும்

நாங்கள் டெனிஷ் நகரமான ஹோர்சன்ஸுக்கு வந்து சேர்ந்த முதல் நவம்பரில் சின்னவளுக்கு இருமல் பிடித்தது. சாதாரணச் சளி, தடிமன் என்றுதான் நினைத்தேன். புது நாடு, புதுக் குளிர், எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதானே. ஆனால் கொஞ்ச நாளில் இருமலுக்குக் கீழே இன்னொரு சத்தம் கேட்கத் தொடங்கியது. மூச்சை வெளியே விடும்போது, ஓட்டைக் குழலுக்குள்ளால் காற்றுப் போவதுபோல ஒரு மெல்லிய சத்தம். அவளுக்கு அப்போது நாலு வயது. தகப்பன் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது வயிற்றில் இருந்தவள். அவரை முதன்முதலில் விமான நிலையத்தில்தான் கண்டாள். அவர் இரண்டு கையையும் நீட்ட, என் சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

இருமல் தொடங்கியதும் நான் மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். பிள்ளைக்குச் சுகம் வரும்வரை சுரூபத்துக்கு முன்னால் எரியும் திரி அணையாது என்று. சுரூபம் பிள்ளைகளின் அறையில் இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே இவர் ஜன்னலோரத்து மூலையில், ரேடியேட்டர் முடிகிற இடத்துக்கும் சுவருக்கும் நடுவில், உயரம் குறைந்த ஒரு பதிந்த பலகை மேசை அடித்து வைத்திருந்தார். தனியாக இருந்த காலத்தில் அந்த வேலை தனக்கு ஆறுதலாக இருந்தது என்றார். நான் வந்து அதற்கு வெள்ளை விரித்து, என் பழைய நீலச் சீலை ஒன்றை ஜன்னல் கம்பியிலிருந்து இரண்டு பக்கமும் இறக்கி, திருநாளுக்குக் கூடு சோடிப்பதுபோலச் சோடித்தேன். மெழுகுதிரியைத் தகரத் தட்டில் நிறுத்தி, சீலை அதில் படாதபடி ஊசி குத்தி விட்டேன். அறையே அழகாகிவிட்டது.

குளிர் கூடிய பிறகுதான் கவனித்தோம், அந்த அறை சூடாகவில்லை. எங்கள் வீடு செங்கல் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில். ஒரு ஹால், பிள்ளைகளின் அறை, குசினி. ஒவ்வொன்றிலும் சுவரோடு ஒரு இரும்பு ரேடியேட்டர். எங்கேயோ கொதிக்கிற தண்ணீர் நிலத்துக்குக் கீழால் வந்து அதற்குள் ஓடுகிறது என்று இவர் விளங்கப்படுத்தியிருந்தார். ஒரு முனையில் எண் போட்ட வெள்ளைக் குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் சூடு கூடும், குறையும். குசினி ரேடியேட்டரில் ஈரச்சட்டை போட்டால் பத்துப் பாத்திரம் கழுவி முடிக்கமுன் காய்ந்துவிடும். ஹாலில் இருந்தது கீழ்ப்பாதி சூடு, மேல்பாதி குளிர். பிள்ளைகளின் அறையில் இருந்ததோ கடைசி எண் வரைக்கும் திருப்பியும் கல்லுப்போல இருந்தது. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் வழியும். மூலைச் சுவர் கையில் ஒட்டும்.

சின்னவளை ஹாலில் படுக்கவைத்துப் பார்த்தோம். குசினிக்குக் கதவில்லை. நான் கறிக்குத் தாளித்தால் அவளுக்கு இருமல் இரண்டு மடங்காகிவிடும். தாளிக்காமல் சமைத்தாலும் முந்தின நாள் மிளகாய் மணம் திரைச்சீலையிலேயே நிற்கும். திரும்பவும் அறைக்கே கொண்டுபோனோம்.

டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். பிறகு இவரைப் பார்த்து நிதானமாக ஏதோ சொன்னார். இவருடைய முகம் போன போக்கில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"என்னவாம்?"

"அறை ஒரே சூடாய் இருக்கவேணுமாம். ஈரம் கூடாதாம். மருந்து தாறாராம்."

"அதுக்கு ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்?"

"உப்பிடியே இருந்தா ஆசுப்பத்திரியிலை வைச்சுத்தான் பாக்கவேணுமாம். அடுத்தமுறை வந்து காட்டட்டாம்."

ஆசுப்பத்திரி என்றால் நல்லதுதானே என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றும். இப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அப்போது எங்களுக்குள் வேறு கதைகள் உலாவின. பிள்ளையைச் சூடாக வைத்திருக்கத் தெரியாத தாய் என்று எழுதிவிடுவார்கள், பிறகு கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து வீட்டைப் பார்க்க வருவார்கள், பிறகு விசாவிலும் கை வைப்பார்கள். யாருக்கு அப்படி நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. நான் இரண்டு பெண்பிள்ளைகளோடு கொழும்பில் ஒரு வாடகை அறைக்குள் இருந்து இந்த நாட்டு அனுமதிக்குக் காத்திருந்தவள். ஏன் வரவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. இவர் இங்கே போய்க் கேட்டால், பார்க்கிறோம் என்பார்கள். கேட்டது பிழையோ, கேட்டதால்தான் பிந்துகிறதோ என்று அவர் எழுதுவார். இனிக் கேட்காதீர்கள் என்று நான் திருப்பி எழுதுவேன். இப்போது அந்தத் தாமதம் பற்றி அரசாங்கம் ஒரு விசாரணை நடத்துகிறது, இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அதைக் கதைக்காத நாளில்லை. எங்கள் குடும்பங்களின் மனுக்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்களாம். அதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அப்போ எங்கள் பிழை இல்லை என்றுதான் நினைத்தேன். அதை முன்பே யாராவது சொல்லியிருந்தால், ஒரு ரேடியேட்டர் சூடாகவில்லை என்று கீழ்மாடிக்குப் போய்ச் சொல்ல நாங்கள் அவ்வளவு யோசித்திருக்க மாட்டோம்.

கட்டடத்தைப் பராமரிக்கும் மனிதர் கீழ்மாடியில்தான் இருந்தார். விசெவெர்ட் என்று இங்கே சொல்வார்கள். அவரிடம் போவதற்குப் பதிலாக நாங்கள் அண்ணையைக் கூப்பிட்டோம்.

அண்ணை எங்களுக்குச் சொந்தமில்லை. மன்னார்ப் பக்கம். வந்த புதிதில் இவரோடு அகதி முகாமில் ஒரே அறையில் இருந்து, பிறகு இவரோடு ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். அதனால் இந்த நாட்டைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தரும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்தார். ஞாயிறு பூசை முடிந்து, பொக்கற்றில் சாவிபோல ஒரு சின்னப் பித்தளைத் திறப்போடு வந்தார்.

"உது காத்துத்தான் தங்கச்சி. உள்ளுக்கை காத்து நிண்டா தண்ணி மேல ஏறாது. ஒரு பேணி எடுத்தாரும்."

ஹால் ரேடியேட்டரின் மேல்முனையில் திறப்பைக் கொடுத்துத் திருப்பினார். பாம்பு சீறுவதுபோலச் சீறியது. சின்னவள் கதிரைக்கு மேலே ஏறிவிட்டாள். சீறல் நின்றதும் கறுப்புத் தண்ணீர் பேணிக்குள் துப்பியது. அண்ணை திருகை இறுக்கிவிட்டு எங்களைச் சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மேல்பாதியும் சூடாகியது.

"பாத்தியளே? இதுக்குப் போய் விசெவெர்ட்டோ?"

ஆனால் பிள்ளைகளின் அறையில் திறப்பைத் திருப்ப, சீறவேயில்லை. எடுத்த எடுப்பிலேயே தண்ணீர்தான் வந்தது. குளிர்ந்த தண்ணீர்.

"இதுக்குள்ள காத்தில்லை," என்றார் அண்ணை. குரல் இறங்கிவிட்டது.

"அப்ப என்ன அண்ணை?"

"உது வேற வருத்தம்."

அவர் போன பிறகு நான் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். ஊரில் நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். நிலத்திலிருந்து ஏறிவரும் குழாய் கையைச் சுட்டது. வெள்ளைக் குமிழ் பூட்டியிருக்கும் இடம் வரைக்கும் சூடு வருகிறது. அதைத் தாண்டினால் குளிர். அப்படியென்றால் தண்ணீர் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, உள்ளே போக வழியில்லை. இவ்வளவும் எனக்கு விளங்கியது. வாசல் ஏன் பூட்டியிருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை. குமிழோ முழுதாகத் திறந்தபடி இருந்தது.

கடைசியில் இவர் கீழே போய்ச் சொன்னார். சொல்லிவிட்டு ஏறி வந்தவர் நேரே அறைக்குள் ஓடினார்.

"எடும், எடும். அவன் வாறான்."

"எதை?"

"மெழுகுதிரியை! வாடகை வீட்டுக்குள்ள நெருப்பு வைச்சிருக்கிறியளோ எண்டு கேட்டா என்ன சொல்லுறது? சீலையையும் கழட்டும்."

நான் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரியை அணைக்காமல் தட்டோடு குசினித் தொட்டிக்குள் மறைத்து வைத்தேன். இவர் சுரூபத்தை அலுமாரிக்குள் வைத்தார். மூத்தவள் சீலையை மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். அவளுக்கு ஒன்பது வயது. ஆமிக்காரர் வீடு சோதிக்க வரும்போது எதை எங்கே ஒளிப்பது என்று பழகியவள். நான் சொல்லாமலே கால்மிதியையும் நேராக்கிவிட்டாள்.

விசெவெர்ட் பெரிய உடம்புக்காரர். மரச்செருப்போடு வந்து, அதை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குமிழைக் கழற்றினார். உள்ளே ஊசிபோல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. குறட்டின் பின்பக்கத்தால் அதை அமத்தினார், விட்டார். அது துள்ளி வெளியே வந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று கையை விரித்தார். இவர் எனக்காக ஏதோ கேட்க, விசெவெர்ட் குமிழைத் தூக்கிக் காட்டி, தன் கன்னம் இரண்டையும் ஊதிக் காட்டினார்.

"உதுக்குள்ள ஒண்டு இருக்காம். சூடு பட்டா அது ஊதி, கம்பியை அமத்துமாம். தண்ணி நிக்குமாம். அறை குளிர்ந்தாச் சுருங்குமாம், தண்ணி ஓடுமாம்."

குமிழைத் திரும்பப் பூட்டினார். நாங்கள் நால்வரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரேடியேட்டருக்குள் மெல்ல ஒரு சலசலப்புக் கேட்டது. பிறகு டிக், டிக் என்று இரும்பு சொடுக்கியது. தொட்டுப் பார்த்தால் சூடு! விசெவெர்ட் சிரித்துக்கொண்டு தன் செருப்பைப் போட்டார். நான் கோப்பி ஊற்றி வைத்திருந்தேன், நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு அவ்வளவு நிம்மதி. உடனே சுரூபத்தை எடுத்து வைத்து, சீலையைச் சோடித்து, அணையாத திரியைத் திரும்ப வைத்து, நன்றி சொல்லி ஒரு காரணிக்கம், பத்து மணி, செபமாலை சொன்னேன். செபம் முடிந்து சமையலுக்குப் போய், சாப்பாட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட வந்தபோது ரேடியேட்டர் திரும்பவும் கல்லாகியிருந்தது.

இரண்டாம் முறையும் இதுவே நடந்தது. அவர் வருகிறார் என்றதும் எல்லாவற்றையும் ஒளித்தோம். அவர் வந்து கை வைக்கும்போதே ரேடியேட்டர் சூடாகத் தொடங்கியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். போகும்போது, குமிழை மாற்றக் கேட்டு எழுதுகிறேன், காலையில் ஜன்னலை அகலத் திறந்து காற்று விடுங்கள் என்று சொன்னார். பனிக்குள் ஜன்னலைத் திறப்பதா? இந்த மனிதர் என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அண்ணைக்கு இவர் தொழிற்சாலையில் இதைச் சொல்லியிருக்கிறார். அண்ணை தொலைபேசியில் சிரித்த சிரிப்பு எனக்கு ஹாலில் கேட்டது.

"மச்சான், உன்ரை ரேடியேட்டரும் எங்கட ஆள்தான். வெள்ளையைக் கண்டா எழும்பி நிண்டு வேலை செய்யுது!"

இவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த நாள் டொக்டரிடம் காட்டவேண்டியிருந்தது. சின்னவள் படுத்தால் மூச்சு விடக் கஷ்டப்பட்டாள். இருத்தி வைத்தால்தான் கொஞ்சம் சுகம். இவருடைய மடியில் இருந்தாள். இருமி இருமிக் களைத்து, இவர் ஆர் என்ற கூச்சமெல்லாம் போய், அவருடைய சட்டையைக் கையால் பிடித்தபடி இருந்தாள். இவருக்கு அதில் சந்தோஷப்படவும் முடியவில்லை.

வேலை முடிந்து போகிற வழியில் அண்ணை பிள்ளையைப் பார்க்க ஏறினார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு தைலம் கையில். அறைக்குள் வந்து தொப்பியைக் கழற்றிச் சுரூபத்துக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டார். போட்ட கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"தங்கச்சி. இதை எங்கை வாங்கினீர்?"

"எதை?"

"இந்தத் திரியை."

சாதாரண மெழுகுதிரி கெதியில் முடிந்துபோகிறது என்று, கடையில் வாசலடியில் குவித்து வைத்திருந்த ஒன்றை வாங்கியிருந்தேன். வெள்ளைக் குவளைக்குள் ஊற்றி, மேலே ஓட்டை போட்ட தகர மூடியோடு இருக்கும். கொளுத்தினால் நாட்கணக்கில் எரியும். நேர்த்திக்கென்றே செய்ததுபோல இருந்தது. அதைச் சொன்னேன்.

"உது சேமக்காலையில கொளுத்துறது! நத்தாருக்கு இவங்கள் செத்த ஆக்களின்ரை கல்லறையில வைக்கிறதுக்கு விக்கிறாங்கள். கூட்டம் கூட்டமா வாங்கிக்கொண்டு போறதைக் காணேல்லையே நீர்?"

அந்த நேரத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்தவளும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டு தகப்பனின் மடியில் இருக்கிறாள், அவளுடைய கட்டிலின் காலடியில் நான் கல்லறைத் திரியைக் கொளுத்தி வைத்திருக்கிறேன். பாய்ந்துபோய்ச் சீலையை விலக்கித் திரியைத் தூக்கினேன். தூக்கிக்கொண்டு நிமிரும்போது என் புறங்கை அந்த வெள்ளைக் குமிழில் பட்டது.

சுட்டது.

திரியை இவரிடம் கொடுத்துவிட்டுக் குமிழை இன்னொருமுறை தொட்டேன். கை வைக்க முடியாத சூடு. மற்றக் கையால் ரேடியேட்டரைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. சுடவேண்டியது குளிர்ந்துபோயும், குளிர்ந்திருக்கவேண்டியது சுட்டுக்கொண்டும் இருந்தன.

"அண்ணை, இஞ்சை தொட்டுப் பாருங்கோ."

"எனக்குப் பயமாக்கிடக்குத் தங்கச்சி, உதைக் கொண்டுபோய் வெளியில போடும் முதல்ல."

"திரியை விடுங்கோ. குமிழைத் தொடுங்கோ."

மேசை பதிந்தது. திரி சரியாகக் குமிழுக்குக் கீழே. சூடு நேரே மேலே ஏறுகிறது. நான் சோடித்த சீலை அதைச் சுற்றிக் கூடாரம்போல மூடி, ஏறிய சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. குமிழுக்குள் இருக்கும் அந்தச் சாமானுக்கு அறை எது, மாதாவின் கூடு எது என்று தெரியுமா? நல்ல சூடாக இருக்கிறது, இனித் தண்ணீர் வேண்டாம் என்று கம்பியை அமத்திக்கொண்டு இருந்திருக்கிறது. விசெவெர்ட் வரும்போதெல்லாம் நாங்கள் திரியை ஒளித்துவிடுவோம், குமிழ் குளிரும், வாசல் திறக்கும். அவர் போனதும் நன்றிக்குத் திரியைத் திரும்ப அங்கேயே வைப்போம். வெப்பத்தால் பொருட்கள் விரியும் என்று எத்தனை வகுப்புகளுக்குப் படிப்பித்திருப்பேன்!

நான் இதையெல்லாம் சொல்லி முடிக்கமுன் உள்ளே சலசலப்புக் கேட்டது. பிறகு அந்தச் சொடுக்கு. அண்ணை ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்து வாயைப் பிளந்தார்.

"பாத்தியளே, சேமக்காலைத் திரியை எடுத்த உடனை!"

"அண்ணை, நல்ல திரி எண்டாலும் இதுதான் நடந்திருக்கும்."

"நீர் படிச்ச ஆள். நீர் சொல்லுவீர்."

"இஞ்சாருங்கோ, நீங்களாவது சொல்லுங்கோ," என்று இவரைப் பார்த்தேன்.

இவர் மடியில் பிள்ளையோடு, அந்தத் திரியை எட்டப் பிடித்துக்கொண்டிருந்தார். "எதாயிருந்தாலும்," என்றார், "திரி, கூடு ரெண்டையும் சேர்த்து எடுத்துவிடுவம்."

அப்படியே செய்தோம். மேசையை ஹாலுக்கு, ரேடியேட்டரே இல்லாத சுவருக்குத் தூக்கினோம். நீலச் சீலையை மடித்து வைத்தேன். நேர்த்தியை முறிக்கவில்லை. இவர் கடைக்குப் போய்ச் சாப்பாட்டு மேசைக்கு வைக்கிற நீட்டு மெழுகுதிரிகள் வாங்கி வந்தார். ஒன்று முடியமுன் இன்னொன்றைக் கொளுத்த மூத்தவளும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். மறுநாள் டொக்டர் குழாயை வைத்துக் கேட்டார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் இன்னும் இருக்கிறது, கூடவில்லை, அறை சூடாகிவிட்டதென்றால் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். ஆசுப்பத்திரி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது இவர் அதை எனக்கு இரண்டாம்முறையும் மொழிபெயர்த்தார், நான் கேட்காமலே.

விசெவெர்ட்டிடமும் போய்ச் சொன்னோம். சொல்லவேண்டாம் என்றுதான் இவர் நினைத்தார். ஆனால் அந்த மனிதர் குமிழையே மாற்றக் கேட்டு எழுதுவதாகச் சொல்லியிருந்தார். எங்களால் அவருக்கு ஒரு பிழை வரக்கூடாது என்றேன் நான். இவர் மெழுகுதிரி, சீலை எல்லாவற்றையும் கையாலும் டெனிஷாலும் சொல்லிக் காட்டினார். நான் பின்னால் நின்றேன். அவர் கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சீலைக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான். எங்கேயும் எழுதவில்லை. ஒருவரும் வரவில்லை. எங்கள் விசாவில் ஒருவரும் கை வைக்கவில்லை. அது நடக்காது என்பதை நம்ப எனக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க எடுத்தது. கதவு மணி அடித்தால் இன்றைக்கும் கால்மிதியை நேராக்கிவிட்டுத்தான் திறப்பேன்.

இழுப்பு உடனே விடவில்லை. சுவர் காய, ஜன்னலில் தண்ணீர் வழிவது நிற்க, நாள் எடுத்தது. ஜன்னலைத் திறந்து காற்று விடச் சொன்னதும் சரியான புத்திதான் என்று பிறகு கண்டுகொண்டோம். காலையில் பிள்ளைகளை ஹாலுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறப்பேன். மத்தியானங்களில் கட்டிலில் பக்கத்தில் இருந்து அவளுடைய மூச்சை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த ஓட்டைக் குழல் சத்தம் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. பிறகு இருக்காத நாட்கள் கூடின.

ஒரு மத்தியானம் வெளியே சரியான பனி. நான் குசினியில் தாளித்துக்கொண்டிருந்தேன், பயமில்லாமல், அவள் கதவைச் சாத்திக்கொண்டு தன் சூடான அறைக்குள் விளையாடுகிறாள் என்ற துணிவில். கதவு திறந்தது. முகம் சிவந்து, நெற்றியில் மயிர் ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் அவளுக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுவிட்டிருந்த கம்பளிச் சட்டைகளைக் கழுத்தால் இழுக்கப் பார்த்து, தலை நடுவில் சிக்குப்பட்டுக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் சட்டைக்குள்ளிருந்து, "அவியுது."

மூச்சு ஒரு பிசிறுமில்லாமல் வந்த சொல். அகப்பையைப் போட்டுவிட்டுக் குனிந்து கழுத்துப் பொத்தானைக் கழற்றப் பார்த்தேன். எண்ணெய்க் கையில் பொத்தான் அகப்படவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் தானே கழற்றிக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள்.